திருக்கைக்கு முன்னும் பின்னும்

ஜெர்மனிக்கார அம்மா ஒருவர் ஒரு காலையில் எங்கள் வாசலில் நின்று, மதில்மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்த குரங்கைக் காட்டி, அது என்ன சொல்கிறது என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். நான் சிரிப்பதற்குள் வேன் அண்ணன் முன்னால் வந்துவிட்டார்.

"அதும் பொண்டாட்டி அந்தத் தெருவுக்குப் போயிட்டா. சோறு ஆறுது, வான்னு கூப்புடுது. சொல்லுங்கம்மா அவங்களுக்கு."

முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மா குரங்கையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நெஞ்சில் கைவைத்தபடி வேனில் ஏறினார்.

அப்போது எங்கள் வீட்டு மாடியில் நான்கு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தோம். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஆசிரமத்துக்கு நடந்தே போய்விடலாம். தங்க வருகிறவர்களுக்கு வண்டி வேண்டுமென்றால் நான் கூப்பிடுவது இவரைத்தான். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். நிலத்தைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு டவுனுக்கு வந்து வேன் வாங்கியவர். வண்டியைச் சுத்தமாக வைத்திருப்பார், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார், பெண்கள் தனியாகப் போனால் திரும்பிக் கொண்டுவந்து விடுகிற வரை எனக்குக் கவலை இருக்காது. குறை என்று சொன்னால் ஒன்றுதான். தெரியாது என்ற சொல் அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை.

வழியில் எந்த மரத்தைக் காட்டிக் கேட்டாலும் பெயர் சொல்வார். பெயர் நாக்கில் வராவிட்டால், "மூலிகை மரம், சுகருக்கு நல்லது" என்பார். அதை நம்பி ஒரு வங்காளத்துக்காரர் கிரிவலப் பாதையில் ஏதோ இலையைப் பறித்து மென்றுவிட்டு, அன்று முழுக்க நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு திரிந்தார். கோபுரத்தின் உயரத்தை ஒரு கல்லூரிப் பையன் போனில் தேடிப் பார்த்து, "அண்ணா, நீங்க சொன்னது தப்பு" என்று காட்டினான். அண்ணன் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது வெயில்ல அளந்தது தம்பி. மழைல அளந்தா வேற வரும்."

இதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் இரண்டு வருடம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு பௌர்ணமி அன்று நடந்ததைப் பார்த்த பிறகு அந்த எரிச்சல் போய்விட்டது. ஆந்திராவிலிருந்து ஒரு கூட்டத்தோடு வந்த ஒரு பெரியவர் நெரிசலில் வழி தப்பி எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டார். கையில் போன் இல்லை. உடம்பெல்லாம் நடுங்கியது. தன் ஆட்கள் எங்கே, எங்கே என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணன் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்து, தனக்குத் தெரிந்த பாதித் தெலுங்கில், "உங்க ஆளுங்க பெரிய கோபுரத்தாண்ட டீ குடிச்சிக்கினு கீறாங்க. இப்பதான் பாத்துட்டு வரேன். உங்களத்தான் தேடுறாங்க" என்றார். பெரியவரின் நடுக்கம் நின்றது. தண்ணீர் குடித்தார். அண்ணன் அவரை ஏற்றிக்கொண்டு போய் ஊர் முழுக்கச் சுற்றி, கடைசியில் பஸ் ஸ்டாண்டில் அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்து ஒப்படைத்துவிட்டு வந்தார்.

"பெரிய கோபுரத்துல பாத்தேன்னு சொன்னீங்களே?" என்று கேட்டேன். கோபுரப் பக்கமே அன்று அவர் போகவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"இன்னாம்மா பண்றது? ஒர்த்தன் வந்து கேக்குறான். தெரியாதுன்னு சொன்னா அவன் மூஞ்சி இப்டி விழுந்துடுது பாரு. அதப் பாக்க நம்மால ஆவாது. கையில இருக்கறத எதுனா குடுத்து அனுப்பணும்."

பதில் என்பது அவருக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற ஒரு டம்ளர் மோர் மாதிரி. கொஞ்சம் தண்ணீர் கலந்திருக்கலாம், வெறுங்கையோடு அனுப்பக்கூடாது.

அண்ணி அரசுப் பள்ளியில் சத்துணவுக்குச் சமைக்கிறவர். வாட்டசாட்டமான உடம்பு, பெரிய குரல். புருஷனைப் பற்றி எல்லாரிடமும் ஒன்றையேதான் சொல்வார்: "அது சொல்றதுல பாதிய வுட்டுடு. மீதிய நாளிக்கு யோசிச்சுக்கோ." ஆனால் ஏதாவது ஒன்று தெரியவேண்டும் என்றால் அவரும் முதலில் கேட்பது புருஷனைத்தான். மழை வருமா, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எந்த மாதம் பிரசவம், கடல் எப்படி இருக்கும்? கடலை அண்ணி அதுவரை பார்த்ததில்லை. "சாத்தனூர் டேம் பாத்தல்ல? அதும்மாதிரி நாலு மடங்கு" என்று அண்ணன் சொல்லிவைத்திருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் மீன் மேடம் எங்கள் மாடிக்கு வந்தார்.

மீன் மேடம் என்பது நாங்கள் வைத்த பெயர். சென்னைக்காரர். சுறாவையும் திருக்கையையும் பற்றி ஆராய்ச்சி செய்வது அவருக்கு வேலை. வருடத்தில் பாதி நாள் கடலோரத்திலும் பழவேற்காட்டு ஏரியிலும் வலைக்காரர்களோடு படகில் இருப்பார். நடுவில் களைத்துப்போனால் இங்கே வந்து ஒரு வாரம் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அண்ணன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறவர் என்றால் இவர் எல்லாவற்றையும் கேட்கிறவர். இட்லி மாவில் நான் எதற்கு வெந்தயம் போடுகிறேன் என்பதுவரை கேட்பார். இரண்டு பேருக்கும் முதல் நாளே பொருத்தமாகிவிட்டது.

அந்தத் தை மாதம் மேடம் திரும்பப் பழவேற்காட்டுக்குக் கிளம்பும்போது அண்ணனின் வேனையே பேசினார். வேனில் இடம் கிடந்தது. "நீங்களும் வாங்களேன், ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்" என்று என்னைக் கூப்பிட்டார். பொங்கல் விடுமுறை என்பதால் அண்ணியும் வருவதாக ஏற்பாடாயிற்று. அண்ணி புதுப் புடவை கட்டிக்கொண்டு, தூக்கு நிறையப் புளிச்சாதத்தோடு வந்து ஏறினார்.

போகும் வழியெல்லாம் ஒரே பேச்சு.

"ஏரில சுறா ஏது மேடம்?" என்றார் அண்ணன், ஸ்டியரிங்கைத் தட்டியபடி. "சுறா நின்னுக்கினே தூங்கற ஜாதி. அதுக்குப் பனமரம் ஒசரம் தண்ணி வேணும். ஏரில எங்க நிக்கும்?"

"நீங்க பார்த்திருக்கீங்களா அண்ணே?"

"பாக்கணுமா இன்னா? எல்லாரும் சொல்றதுதான்."

மேடம் சிரிக்கவில்லை. தான் பார்த்ததைச் சொன்னார். அது நம் ஊர் ஏரி மாதிரி மழைத்தண்ணீர் தேங்குகிற ஏரி இல்லையாம். கடலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மணல்திட்டு. திட்டில் ஓர் இடத்தில் வாய் திறந்திருக்கும். அதை முகத்துவாரம் என்கிறார்கள். அதன் வழியாகக் கடல்தண்ணீர் உள்ளே வந்து ஆற்றுத்தண்ணீரோடு கலக்கும். சின்னச் சுறாக்களும் திருக்கைகளும் அந்த வழியாகவே உள்ளே வரும். பல இடங்களில் முழங்கால் ஆழம்தான். பெரிய சுறா அங்கே வராது. வந்தால் தரைதட்டும். அதனால் குட்டிகளுக்கு அது பத்திரமான இடம்.

"குட்டியா? மீனு முட்டதானே போடும்?" என்று பின்னாலிருந்து அண்ணி கேட்டார்.

"திருக்கை குட்டிதாங்க போடும். சுறாவுலயும் நிறைய அப்படித்தான். வயித்துல சுமந்து பெத்துக்கும்."

அண்ணி தூக்கை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "நம்மள மாதிரி" என்றார் மெதுவாக.

திருக்கை எப்படி இருக்கும் என்றும் அவரே கேட்டார். தோசைக்கு ஒரு வால் முளைத்த மாதிரி இருக்கும் என்றார் மேடம். மணலைத் தன்மேல் வாரிப் போட்டுக்கொண்டு கண் மட்டும் தெரியப் படுத்துக்கிடக்கும். வாலில் ஒரு முள் உண்டு, ரம்பம் மாதிரி பல்லோடு, விஷத்தோடு. "ஆனா அதுவா வந்து யாரையும் குத்தாது" என்றார்.

மறுநாள் காலையில் படகில் போனோம். படகுக்காரர் வயதில் அண்ணனைவிடச் சின்னவர், அதிகம் பேசாதவர். முதலில் எங்களை முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போய் மணல்திட்டில் இறக்கினார். திட்டின்மேல் ஏறியதும் அந்தப் பக்கம் கடல்.

அண்ணி இடுப்பில் கைவைத்து நின்றார். காற்றில் புடவை படபடத்தது. வலதுகோடியிலிருந்து இடதுகோடிவரை தலையைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் புருஷனைப் பார்த்தார்.

"நாலு மடங்கு?"

"இது வடக்கு" என்றார் அண்ணன் உடனே. "தெக்கால கம்மியா இருக்கும்."

படகுக்காரரே சிரித்துவிட்டார்.

திரும்பும்போது ஏரிக்குள் ஒரு மணல்மேட்டின் அருகில் படகு நின்றது. கொஞ்சம் தள்ளி வலைக்காரர்கள் வேறொரு படகில் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மேடம் அவர்கள் வலையில் விழுந்ததைப் பார்க்க அந்தப் படகுக்கு மாறிப் போய்விட்டார். எங்கள் படகுக்காரர் பின்பக்கம் குனிந்து இன்ஜினில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடிமணலில் அலைபோன வரிகள்கூடத் தெரிந்தன. தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன.

அண்ணி புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டார். "ஏங்க, எறங்கட்டுமா?"

"தாராளமா எறங்கு. முழங்கால் தண்ணி."

"மேடம் சொன்னாங்களே, அந்தத் தோசை?"

"அது முகத்துவாரத்தாண்ட. இங்க வெறும் எறாதான். எறா கடிக்குமா?"

அண்ணி இறங்கினார். "ஜில்லுனு கீது" என்று சொல்லி இரண்டு எட்டு வைத்தார். படகுக்காரர் நிமிர்ந்து பார்த்து, "யம்மா, கால தூக்காத..." என்று கத்தியதும், அண்ணியின் காலடியில் மணல் புகை மாதிரி எழும்பியதும் ஒரே நேரத்தில் நடந்தது. ஏதோ தட்டையாக ஒன்று அந்தப் புகைக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு போனது. அண்ணி "ஐயோ" என்றுகூடச் சொல்லவில்லை. மூச்சை உள்ளே இழுத்தார், அவ்வளவுதான். அப்படியே படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று பேரும் சேர்ந்து அவரைப் படகுக்குள் தூக்கிப் போட்டோம். கணுக்காலுக்கு மேலே சின்னக் கிழிசல்தான். அதிலிருந்து ரத்தம் வந்துகொண்டே இருந்தது. சுற்றிலும் தோல் பார்க்கப் பார்க்க வெளுத்து, பிறகு நீலமாக மாறியது. அண்ணி என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் உடைந்தது.

"யாரு எறங்கச் சொன்னது?" என்றார் படகுக்காரர், இன்ஜினைக் கிளப்பிக்கொண்டே.

"நாந்தான்" என்றார் அண்ணன்.

கரைக்குப் போகும் அந்தத் தூரத்தில்தான் அது நடந்தது. அண்ணி புருஷனின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தார். வலி தொடைவரை ஏறிவிட்டது என்றார். உதடு உலர்ந்திருந்தது. அண்ணன் தன் துண்டால் காயத்தை அழுத்திப் பிடித்திருந்தார். அண்ணி அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஏங்க, எனக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

நான் அண்ணனைப் பார்த்தேன். ஒன்றும் ஆகாது என்று யார் வேண்டுமானாலும் சொல்லியிருப்பார்கள். நானே சொல்ல வாயெடுத்தேன். இந்த மனிதர் குரங்குக்கும் பதில் சொன்னவர். அவர் வாயைத் திறந்தார், மூடினார். கண் ஏரியின் மேல் போய்த் திரும்பி வந்தது.

"சொல்லுங்களேன்."

"தெரியலம்மா" என்றார். துண்டை இன்னும் அழுத்தினார். "எனக்குத் தெரியல."

வலைக்காரர்களின் படகு எங்கள் பின்னாலேயே வந்துசேர்ந்தது. கரையில் குதித்ததும் மேடம் கேட்டது சுடுதண்ணீர். படகுக்காரரின் மனைவி அதற்குள் அடுப்பில் ஏற்றியிருந்தார். யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை, தெருவே அறிந்த வைத்தியம்தான். அலுமினியக் குண்டானில் கால் தாங்கும் சூட்டில் தண்ணீரை ஊற்றி, அண்ணியின் காலை அதற்குள் வைத்தார்கள். ஆற ஆறச் சூடு சேர்த்தார்கள். "பயப்படாதக்கா. எங்கூட்டு ஆளுக்கு எத்தினி வாட்டி குத்திகீது தெரியுமா?" என்று அந்தப் பெண் அண்ணியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அண்ணியின் முகத்தில் ரத்தம் திரும்பியது. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காயத்தைக் கழுவி, முள் உடைந்து உள்ளே தங்கவில்லை என்று பார்த்து, ஊசி போட்டுக் கட்டுக்கட்டினார்கள். சாயங்காலம் அண்ணி புளிச்சாதம் கேட்டார்.

"பாவம், அது என்னா பண்ணும் மேடம்?" என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "செவனேன்னு தூங்கிக்கினு இருந்திருக்கும். நம்ம முதுகுல ஒர்த்தன் ஏறி மிதிச்சா நாம சும்மா இருப்போமா?"

அண்ணன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. திரும்பும் வழியெல்லாம் வேனில் பேச்சில்லை. ஓர் இடத்தில், "இது எந்த ஊருண்ணா?" என்று நான் கேட்டேன். பெயர்ப்பலகை கண்ணுக்கு நேராக இருந்தது.

"தெரியாதும்மா" என்றார்.

அப்புறம் சில வாரங்களுக்கு எங்களுக்கு வேறொரு மனிதர்தான் கிடைத்தார். மலையைக் காட்டி உயரம் கேட்டால் தெரியாது. எந்த மரமும் தெரியாது. மழை வருமா, தெரியாது. வழக்கமாக வருகிற ஓர் அமெரிக்கர் என்னிடம் தனியாக வந்து, பழைய டிரைவர் எங்கே, இவர் அவருடைய தம்பியா என்று விசாரித்தார். எனக்கும் கஷ்டமாக இருந்தது. இத்தனை காலம் தப்புத் தப்பாகச் சொன்னவர் ஒருவழியாக உண்மையைச் சொல்கிறார். அதைக் கேட்கத்தான் யாருக்கும் பிடிக்கவில்லை.

அண்ணி காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அந்த மனுசன எதுனா பண்ணும்மா. வீடே வெறிச்சுனு கீது. கொழம்புல உப்பு சரியா இருக்கான்னு கேட்டாக்கூடத் தெரியலன்றாரு. வாயில வெச்சிக்கினு தெரியலன்றாரு!"

"உங்களுக்கு அடிபட்டது அவர் மனசுல இருக்குது அண்ணி."

"எனக்கு முள்ளு குத்தினப்பக்கூட பயம் இல்ல. இவுரு தெரியலன்னு சொன்னாரு பாரு, அப்பதான் சரி, செத்துடப்போறோம்னு நெனச்சேன். அது வாயிலருந்து அந்த வார்த்தைய நான் கேட்டதே இல்லியே!" சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கண்ணும் நிறைந்தது. "மேடத்துக்கு போன் போடு. அவங்க சொன்னா கேக்கும்."

அன்றே அண்ணனை வரவழைத்து, மேடத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். மேடம் வழக்கம்போல எதையோ கேட்டுத்தான் ஆரம்பித்தார். அண்ணன் வழக்கம்போலத் தெரியாது என்றார். மேடம் சொன்னார்:

"அண்ணே, எனக்கு மட்டும் என்ன தெரியும்? அந்த ஏரிக்குள்ள எத்தனை வகை திருக்கை வருது, எப்ப வருது, எவ்வளவு நாள் இருக்குது, பாதி தெரியாது. தினமும் படகுக்காரங்ககிட்ட போய்க் கேக்குறேன். அவங்களுக்கும் சிலது தெரியாது. அப்ப எல்லாரும் சேர்ந்து போய்ப் பாக்குறோம். என் வேலையே அதுதான்."

"கேக்கறதேவா?"

"கேக்கறதேதான்."

"அதுக்கு சம்பளம் வேற தராங்களா மேடம்?"

பல நாள் கழித்து அன்றுதான் அவர் முகத்தில் பழைய உயிரைப் பார்த்தேன்.

அடுத்த வாரமே அதன் பலன் தெரிந்தது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் போகவேண்டிய ஒரு விருந்தாளி, வழியில் ஒரு மரத்தைக் காட்டிப் பெயர் கேட்டிருக்கிறார். அண்ணன் வேனை ஓரங்கட்டி, "தெரியாதுங்க. வாங்க, கேப்போம்" என்று அவரையும் இறக்கிக் கூட்டிப்போய், இளநீர் வெட்டுகிறவரிடம் கேட்டிருக்கிறார். அவர் ஒரு பெயர் சொன்னார். ஆடு மேய்த்த அம்மா அதில்லை என்று வேறொன்று சொன்னார். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி மூன்றாவது பெயர் சொன்னார். சண்டை முற்றி, இலையைக் கசக்கி முகர்ந்து, பட்டையைக் கீறிப் பார்த்து, முடிவாகிற வரை அண்ணன் அங்கிருந்து நகரவில்லை. விருந்தாளி ஆபீஸைக் கோட்டைவிட்டுவிட்டு, கையில் இளநீரோடு மகா சந்தோஷமாகத் திரும்பி வந்தார்.

அதிலிருந்து அண்ணனின் வேனில் போனால் எங்கேயும் நேரத்துக்குப் போக முடியாது என்றாகிவிட்டது. ரயிலைப் பிடிக்கவேண்டியவர்களுக்கு நான் வேறு வண்டி சொல்ல ஆரம்பித்தேன். கையில் நேரம் உள்ளவர்களுக்கு மட்டும் அவர். அண்ணனுக்கு அதில் வருத்தமில்லை. "ஜாஸ்தி ஆளு தெரிஞ்சிடுச்சும்மா இப்பல்லாம். முந்தி நானே சொல்லிடுவேன், எவன்கிட்டயும் பேச வேலையில்ல" என்றார். பழைய பழக்கம் முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். குரங்கு விஷயத்தில் கேட்பதற்கு வேறு ஆள் இல்லாததால் அதை அவரேதான் சொல்லிவந்தார். அண்ணி இந்தக் காலத்தையெல்லாம் திருக்கைக்கு முன்னாடி, திருக்கைக்குப் பின்னாடி என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவார்.

இப்போது அவர்கள் இங்கே இல்லை. மகளுக்கு ஓசூரில் வேலையானதும் இரண்டு பேரும் அங்கே போய்விட்டார்கள். வேனையும் அண்ணன் ஓட்டிக்கொண்டே போனார். எனக்கு அவரை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அவர்கள் ஓசூருக்குப் போவதற்கு முந்தைய வருடம்.

அந்தத் தையில் மறுபடியும் பழவேற்காட்டுக்குப் போகவேண்டும் என்று சொன்னது அண்ணிதான். "என்னக் குத்தினது எதுன்னு நான் பாக்க வேணாமா? மணலத்தான் பாத்தேன்" என்றார். அண்ணன் என்னென்னவோ தடை சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை.

அதே படகுக்காரர், அதே மணல்மேடு. மேடமும் எங்களோடேயே வந்தார். தண்ணீர் போன தடவையைவிடத் தெளிவாக இருந்தது. படகுக்காரர் கையை நீட்டிக் காட்டினார். முழங்கால் தண்ணீரில் முழங்கையளவு சாம்பல் நிறமாக ஒன்று வளைந்து வளைந்து போனது. முதுகில் சின்னதாக ஒரு துடுப்பு, தண்ணீரை மேலே கீறிக்கொண்டு.

"பால்சுறா" என்றார் படகுக்காரர்.

"இத்தனூண்டா? இதுவா சுறா?" அண்ணி வாயில் கைவைத்துக்கொண்டார். "கொழந்த! போய்க்கினே கீது பாரு, யாரையும் சட்ட பண்ணாம."

அண்ணன் படகின் விளிம்பில் குனிந்தார். அது கண்ணைவிட்டு மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். "படுத்துக்கினே போவுது" என்றார் பிறகு, தனக்குள்.

அண்ணி தண்ணீரில் இறங்கினார். காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு மணலாக இழுத்துக்கொண்டே போகவேண்டும் என்று படகுக்காரர் சொல்லிக்கொடுத்தார். கால் வரும் அதிர்வு தெரிந்தால் திருக்கை தானாக விலகிவிடுமாம். அண்ணி தரையை மெழுகுகிறவர் மாதிரி காலைத் தேய்த்துத் தேய்த்துப் போனார். நாலு எட்டு போயிருப்பார். முன்னால் மணல் அசைந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு திருக்கை எழும்பி, ஓரங்களை மட்டும் மடக்கி விரித்து, நிதானமாக வேறிடம் தேடிப் போனது. அதற்கு அப்பால் இன்னொன்று. பிறகு உள்ளங்கை அளவில் குட்டிகள் மூன்றோ நான்கோ ஒரே சமயத்தில் எழுந்தன. மணலே துண்டு துண்டாக எழுந்து நீந்துவது போலிருந்தது. இடுப்பை வளைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து படகைப் பார்த்தார்.

"எறங்குங்க! இன்னா அங்கியே நிக்கறீங்க?"

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளிம்பில் நின்றார். "எறங்கலாமா?" என்று படகுக்காரரிடம் கேட்டார். எறங்கலாம் என்றார் அவர். மேடத்திடம் கேட்டார். இறங்குங்கண்ணே என்றார் மேடம். கடைசியில் என்னிடம் திரும்பினார்.

"எனக்குத் தெரியாதுண்ணா" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை விட்டார். இன்னொரு காலை விட்டார். தேய்த்துத் தேய்த்து, மணலைக் கலக்கிக்கொண்டு, பொண்டாட்டி நின்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் பூநாரைகள் நின்ற திசையில் நடக்க ஆரம்பித்தார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் அண்ணி அந்தப் பறவைகளைக் காட்டி ஏதோ கேட்டார். அண்ணன் நின்று, கையை நீட்டி, விரல்விட்டு எண்ணி, வெகு விவரமாக எதையோ சொல்ல ஆரம்பித்தார். காற்று எதிர்ப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அண்ணி கேட்டுக்கொண்டிருந்தார்.